டிசம்பரில் வந்த டி: சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் குறைந்த மதிப்பெண்களை விளக்கிய ஒரு கோப்பு

அமெரிக்காவில் சட்டம் படிப்பது இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகுதான். ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பெரும்பாலும் எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வை எழுதுவதோடு, தாம் படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் எல்சாக் என்னும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அவை ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டுக் கல்லூரிகளுக்குப் போகின்றன. கோப்பில் இருப்பவற்றில் மாணவர் தம் கையால் எழுதக்கூடிய பகுதிகள் சில. தன்னைப் பற்றிய கட்டுரை அவற்றில் முதன்மையானது. அதற்கடுத்து, வேண்டுமானால் சேர்க்கலாம் என்று விடப்பட்டிருக்கும் சிறு இணைப்பு ஒன்று உண்டு. அடெண்டம் என்று அழைக்கப்படும் அந்த ஒரு பக்கத்தில்தான் குறைந்த மதிப்பெண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்ணப்பக் கட்டுரைகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பெரும்பாலான மாணவர்கள் கோட்டைவிடுவது அந்த ஒரு பக்கத்தில்தான் என்பது என் அனுபவம்.

கீழே வருவது ஒரு மாணவியின் கோப்பு. அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியும், வேறு விண்ணப்பங்களில் கண்ட சிலவற்றை இதனோடு சேர்த்தும் எழுதியிருக்கிறேன்; கணக்கும் விதிகளும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

கோப்பில் இருந்தவை

நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்க் குடும்பம். நெடுஞ்சாலையோரத்தில் தந்தைக்கு ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. மகள் 2020 இலையுதிர் காலத்தில் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், பின்னாளில் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு உயிரியல் பிரிவில் சேர்ந்தார். கோவிட் காரணமாக முதலாண்டு முழுவதும் வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் கழிந்தது. இரண்டு செமஸ்டர்களிலும் நான்குக்கு 3.33, 3.20 என்று சராசரி பெற்றார். 2021 இலையுதிர் காலத்தில் நேரடி வகுப்புகள் தொடங்கியதும் சரிவு வந்தது. அந்த செமஸ்டரில் கரிம வேதியியலில் சி மைனஸ், இயற்பியலில் சி, செல் உயிரியலில் சி பிளஸ், புள்ளியியலில் டி, சராசரி 1.75 (ஏ என்பது உயர்ந்தது, டி மிகக் குறைந்தது, எஃப் தோல்வி). அடுத்த வசந்தகால செமஸ்டரில் நுண்பொருளியலில் எஃப் உட்பட 1.42. அதன் பிறகு அரசியல் அறிவியலுக்கு மாறி, கடைசி நான்கு செமஸ்டர்களில் 3.73, 3.75, 3.92, 4.00 என்று ஏறி, 2024 மே மாதம் பட்டம் பெற்றார். தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்ட முதல் எல்சாட் தேர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. அதில் 167 பெற்றார். தேர்வின் உச்ச மதிப்பெண் 180 என்பதால், இது நல்ல எண்.

அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வழியாக என்னைத் தேடி வந்தபோது அவர் முதலில் காட்டியது விளக்கக் கடிதத்தை அல்ல, கைப்பேசியில் இருந்த ஓர் எண்ணை.

"அங்கிள், என் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல 3.30ன்னு இருக்கு. எல்சாக்ல 3.11ன்னு வந்திருக்கு. அவங்க தப்பா கணக்குப் போட்டிருக்காங்க, கம்ப்ளைன்ட் பண்ணலாமா?"

இரண்டு கணக்குகள்

எல்சாக் தப்பாகக் கணக்கிடவில்லை. கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தம் விதிப்படி சராசரி போடுகின்றன; அவற்றை ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும் என்பதற்காக எல்சாக் தன் விதிப்படி முதலிலிருந்து போடுகிறது. இந்த மாணவியின் பல்கலைக்கழகத்தில், குறைந்த மதிப்பெண் பெற்ற பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணைச் சராசரியிலிருந்து விலக்கிவிடுவார்கள். ஆகவே புள்ளியியலில் வாங்கிய டி, நுண்பொருளியலில் வாங்கிய எஃப் இரண்டும் கல்லூரிக் கணக்கில் இல்லை. ஆனால் பட்டியலில் அந்த வரிகள் கிரெடிட்டோடும் (பாடத்தின் எடையைக் குறிக்கும் எண்) மதிப்பெண்ணோடும் அச்சாகியிருந்தன. அப்படி அச்சாகியிருந்தால், மேலே கோடு கிழித்திருந்தாலும் எல்சாக் அவற்றையும் திரும்ப எழுதியதையும் சேர்த்தே எண்ணும். இதற்கும் மேலாக, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 2019-இல் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் எடுத்த நான்கு கிரெடிட் கால்குலஸ் பாடம் ஒன்று இருந்தது. அதில் சி. பல்கலைக்கழகம் கிரெடிட்டை மட்டும் ஏற்று மதிப்பெண்ணைச் சேர்க்காமல் விட்டதால் மாணவி அதை மறந்தே போயிருந்தார். முதல் இளங்கலைப் பட்டத்துக்கு முன்பு கல்லூரிக் கிரெடிட்டுக்காகப் படித்தது எதுவானாலும், பள்ளிக் காலத்தில் படித்ததும்கூட, எல்சாக் கணக்கில் வரும்.

மேசையில் காகிதம் வைத்து இருவரும் கூட்டிப் பார்த்தோம். கல்லூரி எண்ணிய கிரெடிட்டுகள் 119, அவற்றை மதிப்பெண்ணால் பெருக்கி வரும் புள்ளிகள் 392.71, வகுத்தால் 3.30. விட்டுப்போன 11 கிரெடிட்டுகளைச் சேர்த்தால் 130; அவை கொண்டுவரும் புள்ளிகளோ வெறும் 12; வகுத்தால் 3.11. எஃப் வாங்கிய பாடத்திலிருந்து கெடு தேதிக்குள் விலகி டபிள்யூ வாங்கியிருந்தால் அந்த மூன்று கிரெடிட்டுகள் இரண்டு கணக்கிலும் வந்திருக்காது. திரும்பப் படித்துக்கொள்ளலாம் என்பதால் விலகாமலே இருந்துவிட்டதாகச் சொன்னார். கல்லூரிக்குள் சரியாக இருந்த அந்த யோசனை சட்டக் கல்லூரிக் கணக்கில் இடறிவிட்டது.

(தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுவிட்டு அமெரிக்க ஜே.டி.க்கு விண்ணப்பிப்போருக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். வெளிநாட்டுப் பட்டியல்களுக்கு எல்சாக் சராசரி எண் கணக்கிடுவதில்லை; சராசரிக்கு மேல், சராசரி என்பதுபோல் சொல்லால் ஆன மதிப்பீடே கோப்பில் இருக்கும். அரியர் வைத்துப் பிறகு தேறிய தாள்கள் பட்டியலில் எப்படித் தெரிகின்றன என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் விளக்கம் எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.)

எண் குறைந்திருப்பதை எந்தக் கடிதத்தாலும் உயர்த்த முடியாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509-ஆம் விதிப்படி அதன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தான் சேர்த்த மாணவர்களின் எல்சாட், இளங்கலைச் சராசரி ஆகியவற்றின் நடு எண்ணையும், அதற்கு மேலும் கீழும் உள்ள கால்பங்கு எண்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நடு எண்ணைப் பொறுத்தவரை ஒரு மாணவர் அதற்கு மேலா கீழா என்பதுதான் கணக்கு. எவ்வளவு கீழே என்பது அதை அசைப்பதில்லை. நடு எண் 3.7 ஆக உள்ள கல்லூரிக்கு 3.30-உம் கீழேதான், 3.11-உம் கீழேதான். அதே கல்லூரியின் எல்சாட் நடு எண் 164 என்றால் இவருடைய 167 அந்தப் பக்கத்தில் உதவுகிறது. இப்படி ஒரு தட்டு தாழ்ந்து மறு தட்டு உயர்ந்து நிற்பவர்களை விண்ணப்ப வட்டாரத்தில் ஸ்பிளிட்டர் என்பார்கள். ஸ்பிளிட்டரின் கோப்பைப் படிப்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: செமஸ்டர் இறுதியில் நடக்கும் ஒரே தேர்வு பெரும்பாலும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிற, வகுப்பில் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு மதிப்பெண் இடுகிற அந்த முதலாண்டில் இந்த மாணவி தாக்குப்பிடிப்பாரா, அல்லது 2021-இல் நடந்தது திரும்பவும் நடக்குமா? விளக்கக் கடிதம் அந்தக் கேள்விக்கான விடையாக இருக்க வேண்டும்.

முதல் வரைவு

அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தது ஒன்றரைப் பக்கம். சாரத்தைத் தமிழில் தருகிறேன். தந்தைக்கு மாரடைப்பு வந்த இரவு, மருத்துவமனையின் காத்திருப்பு அறை, தாயின் அழுகை, அறுவை சிகிச்சை முடிந்து தந்தை கண் திறந்த கணம் என்று முக்கால் பக்கம் போயிற்று. "இந்தத் துயரம் என் இரண்டாம் ஆண்டு முழுவதையும் விழுங்கிவிட்டது" என்று ஒரு வாக்கியம். அதன் பிறகு விடாமுயற்சி, மன உறுதி, இன்னலே மனிதரை உருவாக்குகிறது என்று அரைப் பக்கம். கடைசி நான்கு செமஸ்டர்களின் மதிப்பெண்கள் எங்கும் இல்லை.

எழுத்து மோசமில்லை. படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. ஆனால் கையில் பென்சிலோடு மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வழக்கம் எனக்கு. சேர்க்கைக் குழுவில் இருப்பவரும் அப்படித்தான் படிப்பார், அதுவும் எல்சாக் அறிக்கை சராசரியை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டுவதால் அவருக்கு அது எளிது. அறுவை சிகிச்சை 2022 பிப்ரவரி. புள்ளியியல் டி பட்டியலில் ஏறியது 2021 டிசம்பர்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் பிப்ரவரியிலதானேம்மா? டி டிசம்பர்லயே வந்திருக்கே."

அவர் பேசவில்லை. பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஃபால்ல அப்பா நல்லாத்தான் இருந்தாங்க" என்றார்.

நடந்தது இதுதான். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது வீட்டில் அவர் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே பேசி முடிவான விஷயம். ஆய்வகம் உள்ள மூன்று பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுத்துவிட்டார். முதலாண்டில் ஆய்வகம் என்பதே திரையில் ஓடிய காணொளியாக இருந்ததால், நேரில் கையால் செய்து பார்க்கும்போதுதான் தனக்கு இது வேண்டாம் என்று தெரிந்தது. அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. காலை எட்டரை மணிப் புள்ளியியல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் கேட்டபோது எல்லாம் நன்றாகப் போகிறது என்றார். பிப்ரவரியில் தந்தை விழுந்தபோது, உண்மையைச் சொல்லும் வாய்ப்பும் போயிற்று.

முதல் வரைவு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மனத்தில் அந்த ஆண்டு முழுவதும் தந்தையின் நோயாகவே பதிந்திருந்தது. ஆனால் தேதி பொருந்தாத விளக்கத்தைப் படிப்பவர், பொருந்தாத பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை நம்புவதில்லை, மொத்தத்தையும் சந்தேகிப்பார். கடிதமே இல்லாமல் அனுப்பியிருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

பம்பில் நின்றது

வசந்தகால செமஸ்டரைப் பற்றி அவர் வரைவில் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு வலுவானதாகப் பட்டது. நியூ ஜெர்சியில் வண்டியோட்டி தாமே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1949 முதல் அப்படித்தான். ஆகவே நிலையத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் பம்பில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். தந்தை படுத்த பிறகு பிப்ரவரிக் குளிரில் மாலை நான்கு முதல் பத்துவரை அந்த ஆளாக நின்றவர் இந்த மாணவி. கையுறை போட்டால் கடன் அட்டையைப் பிடிக்க முடியாது என்பதால் வலது கையில் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டதாகச் சொன்னார். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்: முப்பது மணி நேரம். பகலில் மூன்று நாள் தந்தையை இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். தாய்க்குக் கார் ஓட்டத் தெரியாது. நுண்பொருளியல் வகுப்பு அந்தப் பகல் நேரத்தில் இருந்தது.

"இதை ஏன் எழுதல?" என்று கேட்டேன். "பெட்ரோல் பங்க்னு எழுதினா ஒரு மாதிரி இருக்குமேன்னு…" என்றார்.

மருத்துவமனை அறையில் யாருக்கும் துயரம் வரும். வாரத்துக்கு முப்பது மணி நேரம் என்பதோ அளக்கக்கூடிய காரணம். ஆள் அமர்த்தியதும் தீர்ந்துபோகக்கூடிய காரணமும்கூட. ஜூன் மாதத்தில் தந்தை ஓர் ஆளை வேலைக்கு வைத்தார். அந்தக் கோடையில் எடுத்த புள்ளியியலில் ஏ மைனஸ் வந்தது.

விடுபட்ட பெட்டி

இந்தக் கோப்பில் மதிப்பெண்ணைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருந்தது. தொடர்ந்து இரண்டு செமஸ்டர்கள் 2.0-க்குக் கீழே போனதால் 2022 ஜூனில் பல்கலைக்கழகம் அவரைக் கல்விசார் புரோபேஷனில், அதாவது குறைந்த மதிப்பெண்ணுக்கான எச்சரிக்கைக் கண்காணிப்பில், வைத்து, டிசம்பரில் விடுவித்திருந்தது. சட்டக் கல்லூரி விண்ணப்பங்களில் நன்னடத்தை பற்றிய கேள்விகள் உண்டு. சில கல்லூரிகள் ஒழுங்கு நடவடிக்கையை மட்டும் கேட்கும்; பல கல்லூரிகள் அதே கேள்விக்குள் கல்விசார் புரோபேஷனையும் சேர்த்துக் கேட்கும். புரோபேஷன் என்றாலே தேர்வில் காப்பி அடித்தவர்களுக்கானது என்று நினைத்து, செப்டம்பரில் அவசரமாக அனுப்பிய ஒரு விண்ணப்பத்தில் மாணவி "இல்லை" என்று குறித்துவிட்டார். அந்தக் கல்லூரியின் கேள்வியில் "அகடமிக் புரோபேஷன்" என்ற சொற்கள் அப்படியே இருந்தன.

இதன் பின்விளைவு சேர்க்கையோடு நிற்பதில்லை. மூன்றாண்டு கழித்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய நிற்கும்போது, நியூ ஜெர்சியில் உச்ச நீதிமன்றத்தின் நன்னடத்தைக் குழு அவருடைய பின்புலத்தை ஆராயும். மற்ற மாநிலங்களிலும் இது போன்ற அமைப்புகள் உண்டு. சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் சொன்னதும் அங்கே சொல்வதும் முரண்பட்டால், அற்பமான மதிப்பெண் விவகாரம் நேர்மை விவகாரமாக உருமாறிவிடும். புரோபேஷனில் இருந்ததற்காக ஒருவரை வழக்கறிஞராகச் சேர்க்காமல் விடுவது அரிது. மறைத்தது வெளிவந்தால் அது அவ்வளவு இலகுவாகப் போகாது.

அன்றைக்கே அந்தக் கல்லூரிக்குத் திருத்தம் அனுப்பச் சொன்னேன். நான்கே வரி: கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு விடையளித்தது, சரியான விடை, புரோபேஷன் தொடங்கிய மாதம், முடிந்த மாதம். மன்னிப்பு ஒரு சொல்லில். மறுநாள், திருத்தம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது.

அனுப்பிய கடிதம்

நான்கு வரைவுகளுக்குப் பிறகு நின்றது இது. ஆங்கிலத்தில் முக்கால் பக்கம்கூட வரவில்லை.

"2021 இலையுதிர் செமஸ்டரிலும் 2022 வசந்தகால செமஸ்டரிலும் என் சராசரி முறையே 1.75, 1.42. இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. முதல் செமஸ்டரில் மருத்துவப் படிப்புக்கு ஆயத்தமாக ஆய்வகப் பாடங்கள் மூன்றை ஒன்றாக எடுத்தேன். அத்துறையில் எனக்கு நாட்டமில்லை என்பதை அக்டோபரில் உணர்ந்தும் ஆலோசகரிடமோ பெற்றோரிடமோ சொல்லாமல், வகுப்புகளுக்குப் போவதைக் குறைத்தேன். அது என் தவறு. 2022 பிப்ரவரியில் என் தந்தைக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மே இறுதிவரை வாரத்துக்கு ஏறத்தாழ முப்பது மணி நேரம் எங்கள் குடும்பத்தின் பெட்ரோல் நிலையத்தில் பம்பில் வேலை செய்தேன். அதற்கேற்ப என் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ளத் தவறினேன். ஜூனில் பல்கலைக்கழகம் என்னைக் கல்விசார் புரோபேஷனில் வைத்து, டிசம்பரில் விடுவித்தது. அந்தக் கோடையில் நிலையத்துக்கு ஆள் அமர்த்தப்பட்டார். நான் அரசியல் அறிவியலுக்கு மாறினேன். புள்ளியியலையும் நுண்பொருளியலையும் திரும்பப் படித்து முறையே ஏ மைனஸ், ஏ பெற்றேன். அதன் பின்னான நான்கு செமஸ்டர்களில், 61 கிரெடிட்டுகளில், என் சராசரி 3.85."

அந்தக் கடைசி வரியைத் தேடி எடுக்க ஒரு மாலை பிடித்தது. முதல் நான்கு செமஸ்டர்களும் 61 கிரெடிட்டுகள்தான், சராசரி 2.42. இரண்டையும் அருகருகே எழுதலாம் என்று மாணவி சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் 2.42 என்ற எண்ணை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். வேண்டுபவர் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். "இன்னல்", "உறுதி" போன்ற சொற்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. மருத்துவச் சான்றுகள் எதையும் இணைக்கவில்லை. கேட்கப்படாதபோது இணைத்தால், நம்ப மாட்டார்கள் என்று நாமே அஞ்சுவதுபோல் தோன்றும்.

"பெற்றோரிடமோ சொல்லாமல்" என்ற சொற்களில்தான் அவர் நெடுநேரம் நின்றார். முந்திய வரைவு ஒன்றில் "பெற்றோரின் விருப்பத்துக்காக மருத்துவப் பாதையில் சேர்ந்தேன்" என்று இருந்தது. உண்மைதான், ஆனால் பழி அங்கே தந்தைமேல் போய் விழுகிறது. படிப்பவர் அறிய வேண்டியது யார் விருப்பம் என்பதை அல்ல, தெரிந்த பிறகு இவர் என்ன செய்தார் என்பதை. வாக்கியத்தை மாற்றியபின் பழி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது.

கடிதத்துக்குப் பக்கபலமாக அமைந்தது புள்ளியியல் பேராசிரியரின் பரிந்துரை. டி போட்டவரும் கோடையில் ஏ மைனஸ் போட்டவரும் ஒருவரே. அவரிடம் பரிந்துரை கேட்க மாணவி முதலில் கூசினார். நான் வற்புறுத்தினேன், ஏனென்றால் "வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவியையும், ஒவ்வொரு வாரமும் அலுவலக நேரத்தில் முதலில் வந்து நின்ற மாணவியையும் நான் பார்த்திருக்கிறேன்" என்று எழுதக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அவர் எழுதியது ஏறக்குறைய அதுதான் என்று பின்னர் அறிந்தேன்.

தன்னைப் பற்றிய கட்டுரையில் இவற்றில் எதுவும் வரவில்லை. அது, நிலையத்துக்கு வந்த நகராட்சி அறிவிப்பு ஒன்றைத் தந்தைக்காகப் படித்துப் பதில் எழுதிய அனுபவத்திலிருந்து வாடகை ஒப்பந்தங்களின்மேல் வந்த ஆர்வத்தைப் பற்றியது. மதிப்பெண் விளக்கத்தைக் கட்டுரைக்குள் நுழைத்தால் படிப்பவர் நினைவில் அதுவே தங்கிவிடும்.

முடிவுகள்

மொத்தம் ஒன்பது கல்லூரிகள். நான்கு மறுத்தன, அவற்றில் மூன்றில் எல்சாட் நடு எண்ணே 167-க்கு மேல், ஆகவே அங்கே இரண்டு தட்டுகளும் தாழ்ந்திருந்தன, கடிதத்தால் ஆவது ஒன்றுமில்லை. மூன்று இடம் தந்தன. அவற்றில் ஒன்று கல்விக் கட்டணத்தில் பாதியைத் தள்ளியது. இரண்டு காத்திருப்புப் பட்டியலில் வைத்தன. கடிதம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 167-உம் கடைசி நான்கு செமஸ்டர்களுமே பெரும்பகுதி வேலையைச் செய்திருக்கும் என்பதே என் கணிப்பு. கடிதம் அவற்றின் குறுக்கே நிற்காமல் இருந்தது, முதல் வரைவு நின்றிருக்கும்.

திருத்தம் அனுப்பிய கல்லூரி, காத்திருப்பில் வைத்த இரண்டில் ஒன்று. ஜூன் மாதம் அங்கிருந்தும் அழைப்பு வந்தது. அதற்குள் மாணவி பாதிக் கட்டணக் கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டிருந்ததால் மறுத்து எழுதினார். அந்த மறுப்புக் கடிதத்தையும் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். திருத்த ஒன்றும் இல்லை.